வால்பாறைக்குப் போன பொங்கலும் பையனின் வயிற்றுப்போக்கும்

பொங்கல் விடுமுறையில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறத் திட்டமிடுகிறவர்கள், ஸ்வெட்டர் எடுத்து வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. பயணம் கிளம்புகிற வீட்டில் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், "நல்ல நாளும் அதுவுமாக வாயைக் கழுவு" என்பார்கள். அதனால் யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

2025 பொங்கலுக்கு அரசு 17ஆம் தேதியையும் விடுமுறையாக்கியதில் ஆறு நாட்கள் சேர்ந்தாற்போல் கிடைத்தன. திருப்பூரில் பனியன் கம்பெனிகளும் மூடிக்கிடக்கும். கணவர் வீட்டார் எல்லோருமாக ஒரு வேன் பிடித்து வால்பாறை போவதென்று முடிவானது. மாமா, அத்தை, நாத்தனார் குடும்பம், சின்ன மாமனார் குடும்பம், நான், பத்து மாதப் பையன். என் கணவருக்குப் பெங்களூரில் வேலை. அங்கே சங்கராந்திக்கு ஒரு நாளோடு சரி. வார இறுதியில் நேராக வால்பாறைக்கு வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த இரண்டு நாட்களும் பையனைப் பற்றிய ஒவ்வொரு முடிவையும், அவனைப் பெற்றவள் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, ஒரு வேன் நிறைய மனிதர்களின் கருத்துக்கு எதிராக நான்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மாட்டுப் பொங்கலன்று மலையேறினோம். ஆழியாறு சோதனைச்சாவடி தாண்டி, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் அணையைப் பார்க்க வண்டியை நிறுத்தினார்கள். இறங்கும்போதே பையன் என் தோளில் வாந்தி எடுத்தான். நாத்தனார் மகளும் பின் இருக்கையில் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வளைவு உள்ள பாதையில் இதெல்லாம் சகஜம் என்று ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கிளம்பினோம். பிறகு கீழே பார்த்த குழந்தை மருத்துவர் முதலில் சொன்னதே இதுதான்: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மலைப்பாதை வாந்தி வருவது அரிது. பெரிய பிள்ளைகளும் பெரியவர்களும்தான் வளைவில் தலைசுற்றி எடுப்பார்கள். கைக்குழந்தை எடுத்தால் வளைவின் மேல் பழிபோடாமல் வேறு காரணம் தேட வேண்டும். எங்கள் வேனில் இருந்த யாருக்கும் இது தெரியாது. தங்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, ஆடாமல் அசையாமல் தரையில் உட்கார்ந்திருந்தவன் மறுபடி எடுத்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த வீடு அது. படத்தில் பார்த்ததை விடவும் அழகு. ஆனால் செல்போன் சிக்னல் வேண்டுமானால் வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இருட்டிய பிறகு வெளியே நிற்காதீர்கள், சிறுத்தை நடமாட்டம் உண்டு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இரவு எட்டு மணிக்கு மேல் பையனுக்குக் காய்ச்சல். பிறகு பேதி ஆரம்பித்தது. மஞ்சள் துணுக்குகள் மிதக்கும் வெறும் தண்ணீர்.

விடுமுறையில் குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் மருந்துக்குத்தான் பஞ்சம், ஆலோசனைக்கு இல்லை. அத்தை, "பல் முளைக்கிறது கண்ணு, பேதி ஆகத்தான் செய்யும்" என்றார். சின்ன மாமியார் இது மாந்தம் என்றும், ஊருக்குப் போனதும் நாட்டு வைத்தியம் பார்க்கிறவரிடம் தொக்கம் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். இரண்டு பேருமே ஒத்துப்போன ஒரே விஷயம், தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்பது. பால் கொடுக்கக் கொடுக்கப் போய்க்கொண்டே இருக்குமாம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் அவர்களுக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்தேன். மறுநாள் செவிலியரும் டாக்டரும் இதையே சொன்னார்கள்: பேதியின்போது தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, கேட்கும்போதெல்லாம் கொடுக்கலாம்.

காய்ச்சல் மருந்தில் ஒரு கண்டம் தப்பியது. என் பையில் இருந்த பாராசிட்டமால் சொட்டு மருந்து, வேன் குலுக்கலில் மூடி திறந்து முழுவதும் கொட்டியிருந்தது. நாத்தனார் தன் மகளின் சிரப்பைக் கொடுத்து, "ஐந்து மில்லி கொடு, நாங்கள் அதைத்தான் கொடுப்போம்" என்றார். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து. அவர் கொடுத்த சிரப்பில் ஐந்து மில்லிக்கு 250 மில்லிகிராம். எட்டு கிலோ சொச்சம் எடையுள்ள என் பையனுக்கு எங்கள் டாக்டர் எழுதியிருந்தது ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம். ஐந்து மில்லி கொடுத்திருந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கும். கணக்குப் போட்டு இரண்டு மில்லி கொடுத்தேன். மருந்தின் அளவை மில்லியில் நினைவு வைக்காதீர்கள், மில்லிகிராமில் வையுங்கள். ஒரே மருந்து மூன்று நான்கு வீரியங்களில் கடைக்கு வருகிறது. குழந்தையின் கடைசி எடையையும் தடுப்பூசி அட்டையின் படத்தையும் செல்போனில் வைத்திருங்கள். இரண்டும் எனக்கு மறுநாள் உதவின.

இனி வருவது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். நாத்தனாரின் கணவர் கடைவீதிக்குப் போய், திறந்திருந்த ஒரே மருந்துக்கடையில் ஓஆர்எஸ், அதாவது பேதியில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல், கேட்டார். கடைக்காரர் அட்டைப் பெட்டியில் அடைத்த, ஆரஞ்சுச் சுவையுள்ள பானத்தை எடுத்துக் கொடுத்தார். பெயரிலேயே அந்த மூன்று எழுத்தும் இருந்தன. வாங்கியவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. பையன் ஆசையாகக் குடித்தான். எல்லோருக்கும் நிம்மதி. அரை மணி நேரத்தில் முன்பைவிட அதிகமாகப் பேதி போனது. டார்ச் வெளிச்சத்தில் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தால், 200 மில்லியில் இருபது கிராமுக்கும் மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு முழு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான், கூடவே 2.6 கிராம் உப்பு. அதாவது 200 மில்லிக்கு மூன்று கிராம் குளுக்கோஸ்கூட வராது. சர்க்கரை மிஞ்சினால் அது உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து பேதியைக் கூட்டும். போன உப்பைச் சரிக்கட்டும் அளவுக்கு அந்தப் பானத்தில் உப்பும் கிடையாது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காகப் பல ஆண்டுகள் தனியாளாகப் போராடினார். 2025 அக்டோபரில்தான், உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத பானங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக்கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. எங்கள் பொங்கலுக்கு ஒன்பது மாதம் தாமதம். உத்தரவு வந்துவிட்டதே என்று இருந்துவிடாமல், கேட்கும்போதே "டபிள்யூஹெச்ஓ ஓஆர்எஸ் பொடி" என்று கேளுங்கள். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பதும் ஆபத்துதான், உப்பு தலைக்கேறிவிடும். அளவுப் பாத்திரம் இல்லாத ஊரில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது, ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

அன்று இரவு நான் தூங்கவில்லை. பயத்தைவிட, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரியாததுதான் பெரிய வேதனை. கையும் காலும் சில்லென்று இருந்தன. அது ஜனவரி மாத மலைக்குளிரா, உடம்பில் நீர் வற்றியதா? ஸ்வெட்டர், குல்லாய், போர்வை எல்லாம் சுற்றிய உடம்பு சுட்டால் அது காய்ச்சலா, கம்பளியா? டயப்பர் ஒவ்வொரு முறையும் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்து, "பாரு கண்ணு, ஒன்றுக்கு நன்றாகத்தான் போகிறான்" என்று அத்தை தைரியம் சொன்னார். விடிந்ததும் மாமா பேச்சுப் பேசாமல் வேனை எடுக்கச் சொல்லி, எங்களை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை கூடியது அன்றுதான்.

அன்று காணும் பொங்கல். தனியார் கிளினிக்குகளில் பூட்டு தொங்கியது. அரசு மருத்துவமனையில் விளக்கெரிந்தது, ஆளும் இருந்தார்கள். வயதான செவிலியர் ஒருவர் பையனைப் பார்த்ததும் செய்த முதல் காரியம் டயப்பரை அவிழ்த்தது. "இதைப் போட்டு வைத்தால் தண்ணீராகப் போவதற்கும் சிறுநீருக்கும் உனக்கு என்ன வித்தியாசம் தெரியும்? துணியைக் கட்டு. முன்பக்கம் நனைகிறதா, பின்பக்கம் நனைகிறதா என்று பார்" என்றார். இரவெல்லாம் நான் தேடிக்கொண்டிருந்த பதில் அது. பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினோம். இரண்டு மணி நேரம் ஆகியும் முன்பக்கம் நனையவில்லை. வாந்தி எத்தனை, பேதி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிடச் சிறுநீரைப் பாருங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை என்றால் யாரிடமும் கருத்துக் கேட்காமல் மருத்துவரிடம் கிளம்பிவிட வேண்டும். அழும்போது கண்ணீர் வராதது, நாக்கு காய்ந்திருப்பது, உச்சிக்குழி உள்வாங்குவது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமனாகாமல் நிற்பது, கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அப்படித்தான். பேதியில் ரத்தம் தெரிந்தால் மணிக்கணக்கே பார்க்கக் கூடாது.

அந்தச் செவிலியர் ஊசி இல்லாத ஐந்து மில்லி சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்தார். ஓஆர்எஸ்ஸை அதில் எடுத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். தாகத்தில் இருக்கும் குழந்தை பாட்டிலைப் பார்த்தால் பறித்துக் குடிக்கும், குடித்த வேகத்தில் வாந்தி எடுக்கும். இப்படி ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சிரிஞ்சில் விட்டால் வயிற்றில் தங்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி வரை உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. சிரிஞ்சில் கொடுத்துப் பாருங்கள், அந்த நூறு மில்லி எவ்வளவு பெரியது என்று தெரியும். கழுத்து வலிக்கும், கை மரத்துவிடும். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ட்ரிப் போட ஆளும் பாட்டிலும் போதாமல் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலக்கி வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்கு ஊட்டச் சொன்னார் என்று பின்னால் படித்தேன். முப்பது விழுக்காடு வரை இருந்த இறப்பு நான்குக்கும் கீழே வந்தது. ஊட்டிய அந்தக் கைகளெல்லாம் எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மதியம் வரை ஊட்டியும் வாந்தி நிற்கவில்லை, துணியும் நனையவில்லை. பணி மருத்துவர், குழந்தை மருத்துவர் இருக்கும் இடத்தில் சேர்ப்பது நல்லது என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். 108 சொல்லட்டுமா என்றும் கேட்டார். தெரிந்த தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று தொலைபேசியில் கணவர், தன் சொந்தக்காரர் ஒருவரின் சிபாரிசோடு பிடிவாதம் பிடித்ததால் வாடகைக் கார் எடுத்தோம். பண்டிகை விலை, 4,500 ரூபாய். பொள்ளாச்சிக்கு 65 கிலோமீட்டர்தான். ஆனால் காணும் பொங்கலன்று ஊரே மலையேறுகிறது. வரையாடு ஒன்று பாதையோரச் சுவரில் ஏறி நின்றுவிட்டது. அதைப் படமெடுக்க வளைவிலேயே கார்களை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். மாநில விலங்கு, அழகான விலங்கு, ஒப்புக்கொள்கிறேன். அன்று அதன் மேலும் எனக்குக் கோபம். அத்தை கண்ணாடியை இறக்கி, "பிள்ளைக்கு முடியவில்லை, வழி விடுங்கள் சாமி" என்று கத்திக்கொண்டே வந்தார். முதல் நாள் பல் முளைக்கிறது என்றவர்தான், ஒரு கையால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க எனக்குச் சிரிஞ்சு நிரப்பிக் கொடுத்தார். ஆழியாறு அணைக்கு எதிரே கூட்டம் நெரிந்ததில் இன்னும் அரை மணி நேரம் போனது. மருத்துவமனை வாசலை அடைய நான்கு மணி நேரத்துக்கும் மேல். திரும்பவும் இப்படி ஒரு நிலை வந்தால் 108தான் சொல்வேன். சைரன் இருந்தால் வரையாடு பார்க்கிறவர்களும் நகர்வார்கள்.

தனியார் மருத்துவமனையில் முன்பணம் 10,000 கட்டச் சொன்னார்கள். கட்டி முடிப்பதற்குள் ஒரு தாள் நிறையப் பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன் உட்பட. நல்லவேளையாக வீட்டிலிருந்து அழைக்கப்பட்டு வந்த குழந்தை மருத்துவர் பொறுமைசாலி. "இந்தப் பரிசோதனை முடிவைப் பொறுத்து வைத்தியம் மாறுமா டாக்டர்?" என்று கேட்டேன். ஸ்கேனையும் வேறு இரண்டையும் அடித்துவிட்டார். இந்த ஒரு கேள்வியை மரியாதையாகக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். கேட்கிறவளைத் திட்டுகிற டாக்டரிடம் நமக்கு வேலை இல்லை. எடை பார்த்தார்கள், 7.6. செல்போனில் இருந்த அட்டையின்படி பத்து நாள் முன்பு 8.2. அந்த அறுநூறு கிராமும் தண்ணீர் என்றார். வைரஸால் வரும் பேதிதான், ஆன்டிபயாட்டிக் வேண்டாம், பெரியவர்கள் போடும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்றார். குழந்தைகளுக்கு இப்படிப் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் குளிர் மாதங்களில்தான் நம் நாட்டில் அதிகம் பரவும். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடும் ரோட்டா தடுப்பூசி இவனுக்குப் போட்டாயிற்றே என்று கேட்டேன். முழுக்கத் தடுக்காது, ஆனால் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குப் போகாமல் காக்கும் என்றார்.

நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கைகளிலும் குத்திப் பார்த்துக் கடைசியில் காலில் கிடைத்தது. அவன் வாய் முழுக்கத் திறந்து அழுதான், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிமிடங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ட்ரிப் ஏற ஆரம்பித்து, நள்ளிரவுக்கு மேல், மடியில் வைத்திருந்த அத்தையின் பொங்கல் புடவை முழுவதையும் நனைத்தான். "நனைத்துட்டான், நனைத்துட்டான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் அந்த வார்டே எழுந்துவிட்டது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்கு 21,600. கார் 4,500. தங்கும் வீட்டு முன்பணத்தில் எங்கள் அறைக்கான 6,000 திரும்பி வரவில்லை. எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்த மருத்துவமனை இல்லாததால் முழுவதையும் கையிலிருந்து கட்டிப் பிறகு கோர வேண்டியிருந்தது. பல வாரங்கள் கழித்து 13,000 சொச்சம் வந்தது. மற்ற அறைகள் நிரம்பிவிட்டன என்று பெரிய அறையைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அறை வாடகையில் மட்டும் குறைக்க மாட்டார்கள், அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம் உள்ளிட்ட மற்றவற்றிலும் குறைப்பார்கள் என்பது பணம் வந்தபோதுதான் புரிந்தது. கிளம்பும் முன் போகிற ஊருக்குப் பக்கத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனை எது, அறை வரம்பு எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மருந்துக்கடை பில் ஒவ்வொன்றுக்கும் சீட்டு வேண்டும், டிஸ்சார்ஜ் அறிக்கையில் சேர்ந்த நேரமும் வெளியேறிய நேரமும் இருக்க வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில், குறைந்தது இருபத்துநான்கு மணி நேரம் மருத்துவமனையில் இருந்தால்தான் பணம் என்ற கணக்கு இருக்கிறது.

ஊர் திரும்பியதும் நாத்தனார் மகளுக்கு ஆரம்பித்தது, பிறகு எனக்கு. வயிற்றுப்போக்கு வைரஸ் வீட்டில் ஒருவரோடு நிற்காது. டயப்பரை மாற்றிய கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தையின் துணியைத் தனியாக அலசுங்கள். பேதி நிற்பதற்கு முன்பே குழைந்த சோறும் பருப்பும், மசித்த வாழைப்பழமும் கொடுக்கத் தொடங்கலாம். பட்டினி போடச் சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது துத்தநாக (ஜிங்க்) மருந்து எழுதிக் கொடுத்தார்கள், தினம் 20 மில்லிகிராம், பதினான்கு நாட்களுக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இதில் பாதி. பேதி நின்றதும் பெரும்பாலான வீடுகளில் இதை நிறுத்திவிடுகிறார்களாம். முழுவதும் கொடுத்தால் அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி பேதி வருவது குறையும் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். உலோகச் சுவை என்பதால் பையன் துப்பினான். கரையும் மாத்திரையாக வாங்கி, ஒரு கரண்டி தாய்ப்பாலில் கரைத்து, அதே சிரிஞ்சில் கன்னத்தோரம் விட்டால் விழுங்கிவிடுகிறான் என்பதை மூன்றாவது நாள் கண்டுபிடித்தது அத்தைதான்.